சம்பளம் பெறுபவருக்குச் சரிபார்ப்பு. தொண்டருக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் நாட்டின் பல பகுதிகளில் தேவாலய வளாகங்கள் சிறுவர் சிறுமியரால் நிறைகின்றன. கேரளத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளிகள், மும்பையிலும் கோவாவிலும் பங்குகள் நடத்தும் முகாம்கள், வடகிழக்கு மாநிலங்களில் பாடகர் குழுப் பயிற்சிகள் என ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு பெயர். மிசோரத்தில் ஞாயிறு பள்ளி என்பது குழந்தைகளுக்கு மட்டுமன்றிப் பெரியவர்களுக்கும் உரிய வாராந்திரக் கடமையாகவே விளங்குகிறது.

இவற்றை நடத்துவோரில் பெரும்பாலோர் பாதிரியார்களும் அல்லர். ஊதியம் பெறும் ஊழியர்களும் அல்லர். கல்லூரி மாணவர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எனத் தாமாக முன்வந்து உழைக்கும் தொண்டர்கள். இவர்கள் இல்லையெனில் ஞாயிறு பள்ளியும் இல்லை, முகாமும் இல்லை.

இவர்களின் நல்லெண்ணத்தை யாரும் ஐயுறவில்லை. ஆனால், பிறர் குழந்தைகளை ஒருவர் கையில் ஒப்படைக்கும் முன் அவர் யார், இதற்கு முன் எங்கு பணியாற்றினார், அங்கிருந்து ஏன் விலகினார் என்று எவரேனும் கேட்கிறார்களா? கேட்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறதா? ஊழியரைப் பொருத்தவரை இதற்குத் தெளிவான விடை உண்டு. தொண்டரைப் பொருத்தவரை இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், சமய நிறுவனங்களை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. கல்வி அல்லது சமய நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அந்த நிறுவனத்தில் உள்ள குழந்தையிடம் இழைக்கும் குற்றத்தைச் சாதாரணக் குற்றமாகக் கருதாமல், கடுமை கூடிய குற்றமாகவே அது வகைப்படுத்துகிறது. குழந்தையின் நம்பிக்கைக்குரிய நிலையிலோ அதிகாரம் செலுத்தும் நிலையிலோ இருப்பவருக்கும் இது பொருந்தும். ஆகவே, ஊதியம் பெறாத ஞாயிறு பள்ளி ஆசிரியரும் இதிலிருந்து தப்ப இயலாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், இவ்வகைக் குற்றங்களில் மிகக் கொடியவற்றுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டுகள். மரண தண்டனைக்கும் இடம் உண்டு.

தகவல் தெரிந்தும் மறைப்பது தனிக் குற்றம். சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நிறுவனத்தின் பொறுப்பாளர் தமது கட்டுப்பாட்டில் உள்ளவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. இந்தக் கடமையிலிருந்து சமயத் தலைவர்கள் எவருக்கும் விலக்கு அளிக்கப்படவில்லை.

இவையெல்லாம் குற்றம் நடந்த பிறகு செயல்படும் பிரிவுகள். நடக்கும் முன் தடுப்பதற்கு 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட போக்சோ விதிகள் வழி செய்தன. குழந்தைகளைத் தங்க வைத்திருக்கும் அல்லது அவர்களோடு வழக்கமாகத் தொடர்பு கொள்ளும் நிறுவனங்கள், குழந்தைகளோடு பழகும் ஊழியர்கள் அனைவரையும் காவல் துறை மூலம் சரிபார்க்க வேண்டும். பின்னணியை விசாரிக்க வேண்டும். இதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் செய்ய வேண்டும் என்கிறது 3-ஆவது விதி. ஆசிரியர், ஆசிரியரல்லாதார், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர், நிறுவனத்தின் வேறெந்த ஊழியர் என்று பட்டியல் நீள்கிறது. தன்னார்வத் தொண்டர் என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

விளைவு விநோதமானது. தேவாலயம் நடத்தும் பள்ளியின் இரவுக் காவலாளி குழந்தைகளோடு பழகுபவராயின் அவரைச் சரிபார்த்தாக வேண்டும். அதே வளாகத்தில் ஞாயிறுதோறும் 20 குழந்தைகளுக்குப் பாடம் நடத்துபவரையும், அவர்களை மூன்று நாள் வெளியூர் முகாமுக்கு அழைத்துச் செல்பவரையும் சரிபார்த்தாக வேண்டும் என்று விதியின் எழுத்து கூறவில்லை. தண்டிக்கும் பிரிவுகள் தொண்டரை எட்டுகின்றன. தடுக்கும் விதி அவரை எட்டவில்லை.

கோவா முதல் கொட்டியூர் வரை

இது வெறும் சொற்சிக்கல் அன்று என்பதை நாட்டின் அனுபவமே காட்டுகிறது. கோவாவின் மட்காவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் நடத்தி, 'அருட்தந்தை' என்று அழைக்கப்பட்டு வந்த பிரெடி பீட்ஸ் 1991-இல் கைது செய்யப்பட்டபோது நாடே அதிர்ந்தது. 1996-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சேவை செய்பவர் என்ற பெயரே அவருக்குக் கவசமாக இருந்தது. போக்சோ சட்டம் வருவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 2003-லேயே, கோவா தனக்கெனக் குழந்தைகள் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது.

மும்பையில் தெருவோரச் சிறுவர்களுக்காக நடத்தப்பட்ட 'ஆங்கரேஜ்' இல்லங்களின் கதையும் இதுவே. அது தேவாலயம் தொடர்பானதன்று. ஆயினும் தொண்டு என்ற பெயரில் குழந்தைகளை நெருங்குவது எத்தனை எளிது என்பதைக் காட்டிய வழக்கு. இல்லங்களோடு தொடர்புடைய பிரிட்டிஷ் நாட்டவர் இருவர் மீது 2001-இல் புகார் எழுந்தது. 2006-இல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தது. 2008-இல் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. புகாருக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே பத்து ஆண்டுகள். புகார் கூறிய சிறுவர்கள் அதற்குள் இளைஞர்களாகிவிட்டனர்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில், பங்கைச் சேர்ந்த 18 வயது நிரம்பாத சிறுமியைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கிய வழக்கில் பங்குத் தந்தை 2017-இல் கைதானார். 2019 பிப்ரவரியில் தலச்சேரி போக்சோ நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2021 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதை 10 ஆண்டுகளாகக் குறைத்தது. குருத்துவத்திலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். குற்றத்தை மறைக்க உதவியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மற்றவர்களில் சிலரை 2018-இல் உச்ச நீதிமன்றமும், ஏனையோரை விசாரணை நீதிமன்றமும் விடுவித்தன. தகவல் தெரிவிக்கத் தவறியதை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது எளிதன்று என்பதற்கு இது சான்று.

மும்பையில் 2015-இல் தேவாலயம் ஒன்றில் 13 வயதுச் சிறுவன் பாதிக்கப்பட்ட வழக்கில், காவல் துறையை நாடியவர்கள் சிறுவனின் குடும்பத்தினர். பாதிரியாருக்குச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2021 டிசம்பரில். அங்கும் ஆறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இத்தகைய குற்றங்கள் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியவை அல்ல. தமது குருகுலத்தில் பயின்ற சிறுமியை வன்கொடுமை செய்ததற்காக ஆசாராம் பாபுவுக்கு ஜோத்பூர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஆயுள் தண்டனை விதித்ததை நாடு அறியும். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். கொடுமை செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது பொறுப்பான நிலையில் இருந்தவர்கள். பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் அதை எவரிடமும் சொல்லவில்லை. வழிப்போக்கனைவிட, வீட்டார் நம்பும் மனிதனே ஆபத்தானவனாக இருக்கக்கூடும் என்பதே அந்த ஆய்வு கூறிய செய்தி.

திருச்சபைகளின் விதிகள்

கத்தோலிக்கத் திருச்சபையில் 2019-ஆம் ஆண்டு திருப்புமுனையாக அமைந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் சிறார் பாதுகாப்பு குறித்து வாடிகனில் உலக ஆயர்களின் மாநாடு நடைபெற்றது. அதை ஏற்பாடு செய்த குழுவில் அப்போதைய மும்பைப் பேராயர் கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் இடம் பெற்றிருந்தார். மே மாதத்தில், புகாரை மேலிடத்துக்குத் தெரிவிப்பதைப் பாதிரியார்களுக்கும் துறவியருக்கும் கட்டாயமாக்கும் ஆணையைப் போப் பிரான்சிஸ் வெளியிட்டார். டிசம்பரில், இத்தகைய வழக்குகளுக்கு இருந்த வாடிகன் ரகசியக் காப்பை நீக்கினார். மே மாத ஆணை 2023-இல் நிரந்தரமாக்கப்பட்டது.

எனினும் இந்த ஆணைகளின் பார்வை முதன்மையாக ஆயர், பாதிரியார், துறவியர் ஆகியோர் மீதே படிகிறது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், வாடிகன் அங்கீகாரம் பெற்ற சர்வதேசப் பொதுநிலையினர் அமைப்புகளின் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஊர்ப் பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் சாதாரணத் தொண்டரைத் தேர்ந்தெடுப்பதும் கண்காணிப்பதும் அந்தந்த மறைமாவட்டத்தின் விருப்பத்துக்கும் விழிப்புக்கும் விடப்பட்டுள்ளன. மேலிடத் தலைமை ஏதுமின்றித் தனித்து இயங்கும் சிறு சபைகளில் அந்த விருப்பத்தைத் தூண்டவும் ஆள் இல்லை. அரசின் விதியில் ஊழியர் வரை; வாடிகனின் ஆணையில் குருக்கள் வரை. இரண்டுக்கும் இடையே நிற்கிறார் தொண்டர்.

இங்கிலாந்து தரும் பாடம்

இந்த இடைவெளி எத்தனை விலை கேட்கும் என்பதை இங்கிலாந்து அனுபவித்து அறிந்துள்ளது. 2024 நவம்பரில் காண்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். உலக ஆங்கிலிக்கன் திருச்சபைகளின் தலைமைப் பீடத்தில் இருந்தவர் விலகக் காரணமான ஜான் ஸ்மித் ஒரு பாதிரியார் அல்லர். அவர் வழக்கறிஞர், கிறிஸ்தவச் சிறுவர் முகாம்களில் முக்கியப் பங்கு வகித்த பொதுநிலையினர். இங்கிலாந்திலும் பின்னர் ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் அவர் கொடுமைப்படுத்தினார் என்று விசாரணை அறிக்கை கூறியது. 2013-லேயே தலைமைக்குத் தகவல் தெரிந்திருந்தும் முறையாகக் காவல் துறையிடம் செல்லவில்லை என்பதே வெல்பி மீதான குற்றச்சாட்டு. 2018-இல் ஸ்மித் இறந்துபோனார். அவர் மீது எந்த நீதிமன்றமும் தீர்ப்புக் கூறவில்லை.

தென்னிந்தியத் திருச்சபையும் வட இந்தியத் திருச்சபையும் இதே ஆங்கிலிக்கன் குடும்பத்தின் உறுப்பினர்கள் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

அந்நாட்டில் 2002 முதல் குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கெனத் தனி அரசு அமைப்பு இயங்கி வருகிறது. 2012-இல் அது விரிவாக்கப்பட்டது. குழந்தைகளோடு பணியாற்றத் தடை செய்யப்பட்டோர் பட்டியல் ஒன்றையும் அது பராமரிக்கிறது. அப்பட்டியலில் உள்ளவரைத் தெரிந்தே அப்பணியில் அமர்த்துவது குற்றம். தொண்டர்களுக்கான சரிபார்ப்புக்கு அந்த அமைப்பு கட்டணம் பெறுவதில்லை. சான்றிதழ் மட்டுமே எல்லாவற்றையும் தடுத்துவிடாது என்பதையும் அங்குள்ள விசாரணைகள் காட்டியுள்ளன. ஆனால், கேட்கும் பழக்கம் ஒன்று உருவாகிவிட்டது. புதிதாக வருபவரிடம் சான்றிதழ் கேட்பதை அங்கு யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை.

நம் நாட்டில் 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத் தளம் தொடங்கப்பட்டது. அதைக் காவல் துறை உள்ளிட்ட விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்க இயலும். பொதுமக்கள் கைக்கு அது போகாமலிருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆயினும் ஒரு பங்கு நிர்வாகமோ சபைக் குழுவோ தொண்டரைப் பற்றி அறிய விரும்பினால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் விண்ணப்பித்துக் காத்திருப்பதே வழி. ஊதியமில்லாப் பணிக்கு வருபவரை இப்படி அலைக்கழிக்கச் சபைகள் தயங்குகின்றன.

அச்சமும் நியாயமும்

தயக்கத்துக்கு அரசியல் காரணமும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. 2018-இல் ராஞ்சியில் அன்னை தெரசா நிறுவிய அமைப்பின் இல்லம் ஒன்றில் குழந்தை விற்கப்பட்டதாகப் புகார் எழுந்தபோது, நாடெங்கும் உள்ள அந்த அமைப்பின் இல்லங்கள் அனைத்தையும் சோதனையிடுமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. இச்சூழலில், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலைக் காவல் நிலையத்தில் கொடுத்தால் அது எதற்குப் பயன்படும் என்று சிறுபான்மையினர் கேட்பதை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கிறிஸ்தவர்கள் 2.78 கோடி, அதாவது 2.3 சதவீதம். நாகாலாந்து, மிசோரம், மேகாலயம் தவிர்த்த பெரும்பாலான வட மாநிலங்களில் அவர்கள் மிகச் சிறு தொகையினர்.

ஆனால், இந்த அச்சத்துக்கு விலை கொடுப்பவர்கள் அந்தச் சமூகத்தின் குழந்தைகளே. வெளியாருக்குத் தெரிந்தால் சபைக்கு இழுக்கு, எதிரிகளுக்கு ஆயுதம் என்ற எண்ணத்தில்தான் புகார்கள் அமுக்கப்படுகின்றன; குற்றவாளி வேறு ஊருக்கு மாற்றப்படுகிறார். சமூகத்தின் மானம் காக்கக் குழந்தை வாய் மூடிக்கொள்ள வேண்டும் என்பது எந்தச் சமயத்துக்கும் பெருமை சேர்ப்பதன்று. விதி கோயில், மசூதி, குருத்வாரா, தேவாலயம், ஆசிரமம் என அனைத்துக்கும் ஒன்றாக இருந்து, சரிபார்ப்பில் பெறப்படும் தகவல் அந்த ஒரு நோக்கத்துக்கு மட்டுமே பயன்படும் என்ற உறுதியும் சேர்ந்தால் அச்சத்துக்கு இடம் குறையும்.

பொய்ப் புகார் வருமே என்ற கவலையும் எழுப்பப்படுகிறது. தீய நோக்கோடு பொய்ப் புகார் கொடுப்போரைத் தண்டிக்கச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு உள்ளது. நல்லெண்ணத்தோடு தகவல் தெரிவிப்போருக்கு 19-ஆவது பிரிவிலேயே பாதுகாப்பு உண்டு. தெரிந்தும் மறைப்பவரை நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதில் இப்போது ஐயம் இல்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் விடுதி மாணவிகளுக்குச் சிகிச்சை அளித்தும் தகவல் தெரிவிக்கவில்லை எனக் குற்றஞ்சாட்டப்பட்ட மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதை 2022 நவம்பரில் மாற்றிய உச்ச நீதிமன்றம், அறிந்தும் தெரிவிக்காதிருப்பது கடுமையான குற்றம் என்றும், பெரும்பாலும் அது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சியே என்றும் கருத்துத் தெரிவித்தது.

செய்ய வேண்டியவை

சபைகள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொண்டராக வருபவரிடம் எழுத்து மூலம் விண்ணப்பம் பெறுவது, முன்பு அவர் பணியாற்றிய இடத்தில் விசாரிப்பது, வந்தவுடன் குழந்தைகளிடம் அனுப்பாமல் சில மாதங்கள் சபையில் பழகவிடுவது, குழந்தைகள் உள்ள அறையில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்பது, கதவுகளைத் திறந்து வைப்பது, முகாம்களில் தங்குமிடங்களைப் பிரிப்பது ஆகியவற்றுக்குப் பணம் தேவையில்லை. இவ்விதிகள் குழந்தையை மட்டுமல்ல, நேர்மையான தொண்டரையும் வீண் பழியிலிருந்து காக்கும்.

யாரிடம் புகார் சொல்வது என்பதைக் குழந்தைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். பொறுப்பாளரின் பெயரும், குழந்தைகள் உதவி எண் 1098-உம் தேவாலய அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பாளர் பங்குத் தந்தையாகவோ போதகராகவோ இல்லாமல் வேறொருவராக, முடிந்தால் ஒரு பெண்ணாக இருப்பது நல்லது. முக்கியமாக, சபைக் குழு கூடி விசாரித்து முடித்த பிறகு காவல் துறைக்குப் போகலாம் என்ற எண்ணம் ஒழிய வேண்டும். சட்டம் அத்தகைய இடைநிலை எதையும் ஏற்கவில்லை.

அச்சடித்த கொள்கை மட்டும் குழந்தையைக் காப்பாற்றாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்து, அது நடந்ததற்குப் பதிவேடு வைத்தால்தான் கொள்கைக்குப் பொருள் உண்டு.

மாநில அரசுகளுக்கும் கடமை உண்டு. குழந்தைகளுக்கு எதிரான வன்முறையைச் சற்றும் பொறுக்காத பாதுகாப்புக் கொள்கையை ஒவ்வொரு மாநிலமும் வகுக்க வேண்டும்; குழந்தைகளோடு பணியாற்றும் அல்லது தொடர்பு கொள்ளும் எல்லா அமைப்புகளும் அதை ஏற்க வேண்டும் என்று அதே 2020-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அமைப்பு எதுவாயினும் பொருந்தும் இந்த வாசகத்தின் வழியே தொண்டர்களையும் கொள்கைக்குள் கொண்டுவர மாநிலங்களுக்கு இடம் இருக்கிறது.

மத்திய அரசு செய்ய வேண்டியது இன்னும் எளிது. போக்சோ விதிகளை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே உள்ளது. சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. 3-ஆவது விதியில் ஊழியர் என்ற சொல்லோடு 'தன்னார்வத் தொண்டர்' என்பதையும் சேர்த்து அறிவிக்கை வெளியிட்டு, அதை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தால் போதும். தொண்டர்களுக்கான சரிபார்ப்பைக் கட்டணமின்றி, குறிப்பிட்ட நாள்களுக்குள் காவல் துறை முடித்துத் தர வேண்டும் என்றும் அதிலேயே கூறலாம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2023-இல் குழந்தைகளுக்கு எதிராகப் பதிவான குற்றங்கள் 1,77,335. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போக்சோ வழக்குகள். வழக்காகப் பதிவானவை மட்டுமே இக்கணக்கில் உள்ளன. சொல்லப்படாதவை இதில் சேரவில்லை.

குழந்தையைத் தேவாலயத்துக்கு அனுப்பும் தாய், அங்கு பாடம் சொல்பவர் சம்பளம் பெறுகிறாரா இல்லையா என்று பார்த்து அனுப்புவதில்லை. அவளைப் பொருத்தவரை இருவரும் ஒன்றே. விதியை எழுதுபவர்களும் அவ்வாறே பார்க்க வேண்டும்.